மூக்குக் கண்ணாடியும் மானமும்

ஆண்டுதோறும் இம்மலர் அச்சேறி நம் கைக்கு வருங்கால், அதனகத்து வழவழப்பான தாளில் அமைந்துள்ள குழுப்படங்களையே நாம் முதற்கண் புரட்டிப் பார்ப்பது வழக்கம். சென்ற ஆண்டு மலரில் ஒரு வகுப்பின் படத்தை உற்றுநோக்கியபொழுது நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. நாற்பதின்மர் நிற்கும் அப்படத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்தோர் மூவரே. அவ்வகுப்பிற்கு நாம் வாரந்தோறும் பாடஞ்சொல்லச் செல்பவராதலின், ஆங்குக் கரும்பலகையை நோக்கி அமர்வோருள் பதினொருவர் கண்ணாடி அணிபவர் என்பதை நன்கறிவோம். ஏனைய எண்மரின் கண்ணாடிகள் எங்குச் சென்றன? படத்தை மீண்டும் நோக்கினோம். முன்வரிசையில் நின்ற ஒருவரது சட்டைப்பையினின்றும் கண்ணாடியின் கம்பியொன்று மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒளி தெறிக்குமென்று படம்பிடிப்பவர் கழற்றச் சொல்லியிருப்பார் என்று சிலர் கருதலாம். அன்று ஆசிரியர் வரிசையில் நாமும் அமர்ந்திருந்தோம். அவர் அங்ஙனம் ஏதும் சொல்லவில்லை. "தயாரா?" என்று அவர் வினவிய அக்கணமே எட்டுக் கைகள் தாமாகவே முகத்திற்கு ஏறின, எட்டுக் கண்ணாடிகள் பைக்குள் இறங்கின. படத்தில் அவ்வெண்மரும் அழகாகத்தான் இருக்கின்றனர். ஆயினும் படம்பிடிப்பவரின் முகம் அவர்களுள் எத்துணைப் பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது ஐயமே.

இது சிறு செய்தி, இதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவும் வேண்டுமோ என்று அன்பர்கள் வினவலாம். படத்தின் பொருட்டு ஒரு கணம் கழற்றுதல் சிறு செய்தியே. ஆனால் அக்கணத்தில் வெளிப்பட்ட நாணம் ஒரு கணத்தோடு நிற்பதன்று. தாழ்வாரத்திலும், பேருந்திலும், திருமண வீட்டிலும், சில வேளைகளில் வகுப்பறையிலுங்கூட அந்நாணம் கண்ணாடியைப் பைக்குள்ளேயே வைத்துவிடுகின்றது. முகத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கண்ணைக் கைவிடும் இவ்வழக்கம் நம் இளைஞர்க்கு இழைக்கும் தீங்கு பெரிது என்பதே நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

இந்நாணத்தை நாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம். நமக்குப் பதினான்கு வயது நிரம்பிய காலை, பள்ளியிற் கரும்பலகை எழுத்துக்கள் வெண்புகைபோற் கலங்கத் தொடங்கின. அடுத்திருந்த தோழனின் ஏட்டைப் பார்த்து எழுதினோம். அவன் செய்த பிழைகளையும் அவ்வாறே எழுதி அவற்றிற்குரிய தண்டனையையும் பகிர்ந்துகொண்டோம். வீட்டிலே தலைவலியென்று தைலம் தடவினர். பாட்டியார் ஒரு திங்கள் முழுதும் பொன்னாங்கண்ணிக் கீரையை விடாது சமைத்தார். கீரை நல்லதே, எழுத்துத்தான் தெளியவில்லை. முடிவில் தந்தையார் நம்மை அருகிலிருந்த நகரத்திற்கு அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கித் தந்தார்.

அன்று மாலை வீடு திரும்பி வாயிலில் நின்ற வேப்பமரத்தை நோக்கினோம். அதற்கு இலைகள் இருந்தன! பச்சை நிறத்ததோர் குவியலாகவே பல்லாண்டு நாம் கண்டிருந்த அம்மரம், ஒவ்வோர் இலையும் தனித்தனியே அசைய நின்றது. தெருவிளக்கின் கம்பிமேல் இரு காக்கைகள் அமர்ந்திருந்தன. பாட்டியாரின் முகத்தில் அத்துணைச் சுருக்கங்கள் உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம். அறிந்து சிறிது அழவும் செய்தோம். உலகத்தைத் திருப்பிக் கொடுத்த அப்பொருளுக்கு விலை, தந்தையாரின் ஒருவார ஊதியம்.

மறுநாட் பள்ளிக்குச் சென்றோம். வாயிற்படி ஏறுமுன்னரே, "சோடாப்புட்டி வருகிறான்" என்று ஒரு குரல் எழுந்தது. அக்குரலுக்குரியவன் பொல்லாதவனல்லன், பின்னாளில் நமக்கு நல்ல நண்பனாயினான். ஆயினும் அச்சொல் அன்று நம் காதில் இறங்கி, வேப்பிலையின் அழகையெல்லாம் ஒருங்கே மூடிவிட்டது. கண்ணாடி பைக்குள் சென்றது. ஈராண்டு அங்கேயே இருந்தது.

அவ்வீராண்டில் நாம் பெற்றது யாது? கணக்கில் எட்டை மூன்றாகப் படித்தோம். தெருவில் எதிர்ப்பட்ட ஆசிரியர் ஒருவரை அடையாளங்காணாது வணங்காமற் சென்றோம். "இவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது" என்று அவர் வருந்தியதாகப் பின்னர்க் கேள்வியுற்றோம். தொலைவில் உள்ளதைக் காண்பான் வேண்டிக் கண்ணை இடுக்கி இடுக்கி, நெற்றியிற் கோடு விழுந்தது. கண்ணாடி அணிந்த பிள்ளை என்று பிறர் எண்ணாதிருக்க விரும்பினோம். மந்தமான பிள்ளை, செருக்குற்ற பிள்ளை, முகஞ்சுளிக்கும் பிள்ளை என்று எண்ணும்படி ஆயிற்று. ஒரு பெயருக்கு அஞ்சி ஓடி மூன்று பெயர்களைச் சம்பாதித்தோம். பள்ளியிறுதித் தேர்வு நெருங்கியபொழுது அச்சத்தினாலேயே கண்ணாடியை எடுத்தணிந்தோம். ஒரு வாரம் நகைத்தனர். பிறகு ஒருவரும் அதனைக் கவனிக்கவில்லை. ஒரு வார நகைப்பிற்கு அஞ்சி ஈராண்டினை இழந்தோமே என்ற எண்ணம் இன்றும் நம் மனத்தை உறுத்துகின்றது.

இந்நாணத்தின் வேர் யாதென ஆராயின் ஒரு விந்தை புலப்படும். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி இருத்தல் என்பதே இழிவன்று. வெள்ளைக் கண்ணாடியை ஒளிக்கும் அதே இளைஞர் வெயிலிற் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிமிர்ந்து நடக்கின்றனர். திரைப்பட நடிகராயிருந்து முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அவர்களின் கறுப்புக் கண்ணாடி அவருக்கோர் அணிகலனாகவே மக்களால் மதிக்கப்பெற்றது. இரண்டும் கண்ணாடியே; இருப்பிடமும் மூக்கே. ஒன்று விரும்பி அணிவது, மற்றொன்று வேண்டியிருப்பதால் அணிவது என்பதே வேற்றுமை. எனவே நாம் நாணுவது கண்ணாடிக்கன்று. நமக்கு ஒன்று தேவைப்படுகின்றது என்பது பிறர்க்குத் தெரிவதற்கே நாணுகின்றோம்.

அத்தேவைதான் எத்தகையது? கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி சிறிது நீண்டு வளர்ந்தமையால் விளைவது. முதிர்ந்த ஒருவரது கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அஃது ஒரு மில்லிமீட்டர் மிகுமாயின் சற்றேறக்குறைய 2.5 முதல் 3 டயாப்டர் அளவிற்குப் பார்வை பிறழும். ஓர் அரிசியின் பருமனிலும் குறைந்த அம்மிகையால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடுகின்றது. நடுவே மெலிந்து ஓரம் தடித்த குழிவில்லை அவ்வொளியைச் சிறிது விரித்து, குவியும் இடத்தைப் பின்னே தள்ளி விழித்திரையிற் சேர்க்கின்றது. இவ்வுண்மையை வானநூல் வல்லுநராகிய கெப்ளர் 1604-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். இதிற் சோம்பலும் இல்லை, தீயொழுக்கமும் இல்லை, பரம்பரைப் பழியும் இல்லை. கால் சற்று நீண்டவனுக்குப் பெரிய செருப்பு வேண்டியிருப்பது போன்றதே இது. பெரிய செருப்பிற்கு நாணுவார் யாருமிலர்.

இனி, கண்ணாடியைக் கண்டோர் அதனை அணிந்தவரைப் பற்றி யாதேனும் ஒன்றை எண்ணிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. மூக்குக் கண்ணாடி இத்தாலி நாட்டிற் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1306-இல் ஜியோர்தானோ என்னும் துறவி ஆற்றிய பிரசங்கமொன்றில், அக்கலை தோன்றி இருபதாண்டு நிறையவில்லை என்று வியந்து பேசியுள்ளார். பின்னர் 1352-இல் தொம்மாசோ என்னும் ஓவியர் திரெவீசோ நகரத்து மடமொன்றின் சுவரில் கர்தினால் ஹியூ என்பவரைக் கண்ணாடியுடன் தீட்டினார். கண்ணாடி அணிந்த முகத்தைக் காட்டும் ஓவியங்களுள் நாமறிந்தவற்றில் மிகப் பழையது அதுவே. நகைப்பிற்குரியது யாதெனில், அக்கர்தினால் 1263-இலேயே காலமாகிவிட்டார். கண்ணாடியை அவர் கண்ணாற் கண்டதும் இல்லை! பெரும்புலவரெனக் காட்டுதற்பொருட்டே ஓவியர் அதனை அவர்மேல் ஏற்றினார். அன்று தொட்டுக் கண்ணாடிக்குத் தொழில் இரண்டாயிற்று: ஒன்று அணிந்தவருக்குக் காட்டுவது, மற்றொன்று அணிந்தவரைப் பற்றிப் பிறர்க்குக் கதை சொல்வது. முன்னது உண்மைத் தொழில். பின்னது நாம் ஏற்றிய பொய்த் தொழில்.

அக்கதை எத்துணை நேரம் நிலைக்கும் என்பதனையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். கண்ணாடி அணிந்தவரை அறிவுடையார் என்றும் உழைப்பாளர் என்றும் கண்டோர் மதிப்பிடுகின்றனர் என்று அமெரிக்க நாட்டில் தார்ன்டன் என்பார் 1940-களிற் கண்டறிந்தார். பின்னர் 1971-இல் ஆர்கைல், மக்கென்றி என்னும் இருவர் இங்கிலாந்தில் அதனை மேலும் சோதித்தனர். பதினைந்து நொடி மட்டும் ஒருவரைக் கண்டவர்கள், கண்ணாடி அணிந்தவர்க்கு அறிவு மிகுதியென்றே கருதினர். ஆனால் அவர் ஐந்து நிமிடம் உரையாடக் கேட்டவர்களிடத்து அவ்வெண்ணம் இருந்த இடந்தெரியாது மறைந்தது. இதனைக் கண்ணாடியால் நாணுவோரும் கண்ணாடியாற் செருக்குவோரும் ஒருங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும். கண்ணாடி நமக்குத் தரும் புகழும் பழியும் வாய் திறக்கும் வரையிலேதான். ஐந்து நிமிடப் பேச்சில் அழிந்துபோகும் ஒன்றின்பொருட்டு ஓராண்டுப் பாடத்தை இழப்பது எவ்வகைக் கணக்கு?

ஆயினும், "இதெல்லாம் ஒன்றுமில்லை, மனத்திற் கொள்ளாதே" என்று இளைஞரிடம் எளிதாகச் சொல்லிவிடுவது நேர்மையன்று. கேலி மெய்யாகவே நிகழ்கின்றது. 2005-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியொன்றில், கண்ணாடி அணியும் எட்டு வயதுச் சிறார் பிறரால் துன்புறுத்தப்படும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறக்குறைய 35 விழுக்காடு மிகுதி எனக் காணப்பட்டது. அமெரிக்காவில் 484 சிறாரை மூன்றாண்டு கவனித்து 2009-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், கண்ணினுள் வைக்கும் வில்லை பெற்றவர்கள் தம் தோற்றத்தைப் பற்றிக் கண்ணாடி அணிந்தவரினும் நல்லெண்ணம் கொண்டனர். இவற்றை நாம் மறைக்கவில்லை. வாங்கும் வசதியும் தூய்மையாகப் பேணும் பொறுமையும் உடையார் அவ்வில்லையை அணிவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் அவ்வாராய்ச்சியின் தலையாய முடிவு வேறு. தம்மைத் தாம் முழுமையாக மதிக்கும் மதிப்பில் இருசாராரிடையேயும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. தோற்றத்தைப் பற்றிய எண்ணம் ஒன்று, தன்மதிப்பு வேறொன்று. முன்னதனைக் கண்ணாடி தீண்டலாம். பின்னதனைத் தீண்டுவது நாம் இடங்கொடுத்தால் மட்டுமே.

நாணத்திற்குத் துணைநிற்கும் பொய்க்கொள்கை ஒன்றும் நம் வீடுகளில் உலவுகின்றது. "கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும், போடாதிருந்தால் தானே சரியாகிவிடும்" என்பர் பெரியோர். கோலாலம்பூரில் 94 சிறாரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு மாறாகவே மொழிகின்றது: வேண்டுமென்றே குறைந்த அளவுள்ள கண்ணாடி தரப்பெற்றவர்க்குக் கிட்டப்பார்வை குறையவில்லை, முழு அளவுள்ளதை அணிந்தவர்க்கு ஏறியதினும் மிகுதியாகவே ஏறியது. இளமையில் எண் ஏறுவது கண் வளர்வதனால், கண்ணாடியால் அன்று. கிட்டப்பார்வை வாராது தடுக்க விரும்புவோர் செய்யத்தக்கது வேறுண்டு. சீனத்துக் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புச் சிறாரை நாள்தோறும் 40 நிமிடம் மிகுதியாக வெளியில் இருக்கச் செய்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டிற்குப் பின் அவருள் 30.4 விழுக்காட்டினர்க்குக் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியது. அங்ஙனம் செய்யப்பெறாதாருள் அது 39.5 விழுக்காடு. ஆதலின் தம்பி தங்கையர் உடைய மாணவர்கள் அவர்தம் கையிலுள்ள கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு வெளிச்சத்தில் ஓடவிடுவாராக.

கண்ணாடி அணிவதாற் பெறும் பயனோ அளவிட்டு அறியப்பட்டது. சீன நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் 252-இல் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலவசக் கண்ணாடி பெற்ற சிறார் கணக்குத் தேர்வில் ஏனையோரினும் மேம்பட்டனர். அஸ்ஸாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்து வெள்ளெழுத்து எய்திய தொழிலாளர்க்குக் கண்ணாடி தந்தபொழுது, அவர் பறித்த கொழுந்தின் அளவு, கண்ணாடி பெறாதவரினும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகுந்தது என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. புனே மாவட்டத்திற் கண்ணாடி வழங்கப்பெற்ற பள்ளி மாணாக்கரைப் பின்னர்ச் சென்று பார்த்தபொழுது, பதின்மருள் மூவரே அதனை அணிந்திருந்தனர் என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஏழு கண்ணாடிகள் வேறெங்கோ கிடந்தன. நம் குழுப்படத்து எட்டுக் கைகளை ஈண்டு நினைக்க.

மாணவியரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆடவன் கண்ணாடி அணிந்தால் "படித்த பிள்ளை" என்னும் உலகம், பெண் அணிந்தால் "கண்ணிலே குறை" என்கின்றது. பெண்பார்க்க வருவோர் முன்னிலையிற் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருமாறு தாய்மாரே பணிக்கின்றனர். நம் பழைய மாணவியொருவர் அங்ஙனம் கழற்றிவிட்டுக் காப்பித் தட்டினை ஏந்திச் சென்று, மணமகனை விடுத்து அவர் சிற்றப்பாவிற்கு முதற்கண் வணக்கம் கூறியதைத் தாமே சொல்லி நகைத்ததுண்டு. நகைத்தோமெனினும் நெஞ்சம் நொந்தது. வாழ்நாள் முழுதும் உடனிருக்கப் போகின்றவரைக் காணவேண்டிய வேளையில், தம்மைக் காண வந்தாரைத் தாம் காணலாகாதென்று ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்து வைப்பது என்ன முறை? மேலும், மறைத்துச் செய்யும் மணம் மறுநாட் காலையில் வெளிப்படத்தானே வேண்டும்! கண்ணாடியின் பொருட்டு ஒரு பெண்ணை வேண்டாவென்று செல்பவர், செல்லுதலே அப்பெண்ணிற்கு நன்மை.

பெரியோர் பலரும் கண்ணாடி அணிந்தனரே என்று எடுத்துக்காட்டுவோர் உளர். உண்மையே. அண்ணல் காந்தியடிகளின் வட்டக் கண்ணாடி ஒன்றே 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்திற்குச் சின்னமாயிற்று. அவர் அணிந்ததெனப் பெற்ற கண்ணாடியொன்று 2020-இல் இங்கிலாந்தில் 2,60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. நம் ஊர்தோறும் நிற்கும் டாக்டர் அம்பேத்கர் சிலைகளிலும் கண்ணாடியைச் சிற்பிகள் மறவாது அமைக்கின்றனர். ஆயினும் இவ்வெடுத்துக்காட்டினை நாம் அளவறிந்தே பயன்படுத்துவோம். கண்ணாடி அணிந்தமையால் அவர்கள் பெரியோராயினாரல்லர். அணிய நாணாமையால் அவர்கள் படிக்க வேண்டியதனைப் படித்தனர், காண வேண்டியதனைக் கண்டனர். அவ்வளவே. கண்ணாடியைப் பெருமையாகக் கொள்ளுமாறு நாம் இளைஞரை வேண்டவில்லை. அதனை மறந்துவிடுமாறே வேண்டுகின்றோம். மூக்கின்மேல் இருப்பது நினைவில் இல்லாதபொழுதுதான் கண்ணாடி தன் தொழிலைச் செவ்வனே செய்கின்றது.

இதற்கு அணிபவர் மட்டும் முயன்றாற் போதாது. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியராவார் பலகையில் நான்கு வரி எழுதி, பின்வரிசையினின்றும் அவற்றை ஒவ்வொருவரும் படிக்குமாறு செய்தல் வேண்டும். இதற்குக் கால்மணி நேரம் போதும். கண்ணை இடுக்குபவரை அவைநடுவே சுட்டாது தனியே அழைத்துப் பேசுக. முன்வரிசையில் அமர்த்துதல் தண்டனையாகத் தோன்றாதவாறு காத்துக்கொள்க. விடுதி மாணவர்களே, பெயரிட்டு அழைக்கும் உங்கள் விளையாட்டை நாம் அறிவோம். அதிற் பெரும்பகுதி அன்பே. ஆனால் ஒருவன் மாற்றிக்கொள்ள இயலாத ஒன்றைப் பற்றிப் பெயரிடாதீர்கள். மாற்றிக்கொள்ளத்தக்க குறைகள் எல்லாரிடத்தும் ஏராளமாக உள்ளன. பெயர்களுக்குப் பஞ்சம் வாராது. பழைய மாணவர்களாகிய பெரியோரே, உங்கள் ஊர்ப்பள்ளிக்கு நன்கொடை ஈயுங்கால், மேசை நாற்காலியோடு கண் சோதனைக்கும் ஒரு தொகை ஒதுக்குக.

சட்டைப்பையிற் கம்பி எட்டிப் பார்த்த அம்மாணவரை இத்திங்கள் நூலகத்திற் கண்டோம். கண்ணாடி அணிந்து ஒரு தடித்த நூலில் ஆழ்ந்திருந்தார். நாம் அருகிற் சென்றதும் கை தானாகவே முகத்திற்கு ஏறியது. "இருக்கட்டும், கழற்றினால் வந்தது யார் என்று தெரியாதே" என்றோம். அவர் சிரித்தார், கை இறங்கியது. அடுத்த ஆண்டு மலரின் குழுப்படத்திற்கும் அவர் வருவார். படம்பிடிப்பவர் "தயாரா?" என்று வினவும்பொழுது ஏறும் கைகள் எட்டினின்றும் ஏழாகக் குறையுமாயினும், இக்கட்டுரையை எழுதிய பயனைப் பெற்றோம் என்றே மகிழ்வோம்.